தூசி என்று துடைத்த துளி

டைரக்டர் குஸ்தாவ் ரைமெர்ட் செத்து முப்பது வருடமாகிறது. ஆனாலும் மேவிஸ் லார்கினுக்கு அவரிடமிருந்து விடுதலை கிடைத்தபாடில்லை. அவர் எடுத்து அவள் நடித்த ஐந்து படங்களையும் பழுது நீக்கி, டிவிடியாக்கி, ஒரே பெட்டியில் போட்டு விற்கப்போகிறார்களாம். பெட்டியின் மேல் ‘ரைமெர்ட்டும் அவர் கண்டெடுத்த முகமும்’ என்று அச்சடித்திருந்தார்கள். முகத்துக்கு ஒரு பெயர் உண்டு. அதைப் போட மட்டும் இடமில்லாமல் போயிற்று.

பர்பாங்க் நகரில் ஓர் ஒலிப்பதிவு அறை. திரையில் படம் ஓட ஓட, அதைப் பற்றிப் பேசிக்கொண்டே போக வேண்டும். மேவிஸுக்குப் பக்கத்தில் பேராசிரியர் க்ளாஸ்கோ. ரைமெர்ட்டைப் பற்றி மூன்று புத்தகம் எழுதிய மேதை. மூன்றாவது புத்தகம் முழுக்க ஐந்தாவது படத்தின் கடைசிக் காட்சியில் மேவிஸின் இடது கன்னத்தில் இறங்கும் ஒரே ஒரு சொட்டுக் கண்ணீரைப் பற்றியது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்! நயாகராவைப் பற்றிக்கூட யாரும் இவ்வளவு எழுதியிருக்க மாட்டார்கள்.

அந்தச் சொட்டைப் பற்றிப் பேசத்தான் எண்பத்து மூன்று வயதில் மேவிஸ் டாக்ஸி பிடித்து வந்திருந்தாள். அது எப்படி வந்தது என்று இதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை. ரைமெர்ட் எப்படி வரவழைத்தார் என்றுதான் கேட்பார்கள். பதிலையும் அவர்களே சொல்லிக்கொள்வார்கள். இன்றைக்கு மைக் முன்னால் அந்த ஆளின் மானத்தை வாங்கிவிட்டுத்தான் மறுவேலை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கு, போர்க்காலம். அவள் தம்பி எர்னி பசிபிக்கில் ஒரு கப்பலில் இருந்தான். பதினாறு டேக் எடுத்தும் அவளுக்கு அழுகை வரவில்லை. பதினேழாவதுக்கு முன்னால் ரைமெர்ட் அவள் கையில் ஒரு தந்தியைத் திணித்தார். எர்னியின் கப்பல் மூழ்கிவிட்டது என்று அதில் இருந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. துளி இறங்கியதும் கட் சொல்லிவிட்டு, “பயப்படாதம்மா, நம்ம ஆபீஸ்லயே டைப் அடிச்சதுதான். உன் தம்பி குத்துக்கல்லாட்டம் இருக்கான்” என்றார். செட்டே கைதட்டியது. பாவிகள்.

திரையில் கடைசிக் காட்சி வந்தது. துறைமுகத்து ஜன்னல், இருபத்து மூன்று வயது மேவிஸ். க்ளாஸ்கோ மைக்கை நெருங்கினார்.

“இதோ... இதோ வருது பாருங்க! அந்தத் துளி! கன்னத்துல ஒரு கணம் தயங்குது, அப்புறம் இறங்குது. அடடா! ஒரு மகா கலைஞனோட கையெழுத்துங்க அது!”

மேவிஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கன்னம் புதுத் தட்டு மாதிரி பளிச்சென்று இருந்தது. துளியைக் காணோம்.

“புரொபசர், எங்க வருது?” என்றாள்.

“இதோ, இப்பதானே மேடம் இறங்குச்சு?”

“உங்க புஸ்தகத்துல இறங்கியிருக்கும். திரையில ஒண்ணுமில்ல ராஜா.”

டிவிடி வேலையைப் பார்க்கிற ஷெரில் ஓடி வந்தாள். மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்கள். விஷயம் இதுதான்: தூசியும் கீறலும் எடுக்கிற கம்ப்யூட்டர், மினுங்கிக்கொண்டு நகர்ந்த துளியையும் தூசி என்று துடைத்துவிட்டது. சரிபார்த்த நாலு பேரும் தூசி இருக்கிறதா என்று பார்த்தார்களே தவிர, கண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

மேவிஸுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அறுபது வருடம் ஆகா ஓகோ என்றார்களே, ரைமெர்ட்டின் மகத்தான கலை! கடைசியில் அது குப்பை என்று ஒரு மெஷின் கண்டுபிடித்துவிட்டது. க்ளாஸ்கோ திருவிழாவில் பர்ஸைத் தொலைத்தவர் போல நின்றார்.

“மேடம், வெள்ளிக்கிழமை இது டிஸ்க் அடிக்க ஃபேக்டரிக்குப் போகணும்” என்று ஷெரில் கெஞ்சினாள். “கையால திருத்தணும்னா இன்னொரு வாரம் ஆகும், எங்க பாஸ் என்னைத் தொலைச்சிருவாரு. இப்படியே விட்டுரலாமே? யாரும் கவனிக்க மாட்டாங்க. புரொபசரே கவனிக்கலியே!”

விட்டுவிடலாம்தான். ரைமெர்ட்டுக்கு இதைவிட நல்ல செருப்படி கிடைக்காது. சரி என்று சொல்லத்தான் மேவிஸ் வாயைத் திறந்தாள். திரையில் அந்த வெறும் கன்னம் நின்றுகொண்டிருந்தது.

“துளியைத் திரும்பப் போடு” என்றாள்.

“மேடம்...”

“அஞ்சு மாசம் கழிச்சு நிஜத் தந்தி வந்துச்சு கண்ணு. எர்னி போயிட்டான். எனக்கு அழுகை வரல. சர்ச்சுல வரல, எங்கம்மா மடியில விழுந்தும் வரல. ‘சினிமாக்காரிக்குக் கேமரா முன்னாடிதான்டி கண்ணீர் வரும்’னு எங்கம்மா எல்லார் முன்னாடியும் சொன்னா. சாகற வரைக்கும் எங்கூடப் பேசல. அவனுக்காக நான் அழுதது அந்த ஒரு சொட்டுதான். அது ரைமெர்ட்டோடது இல்ல, என் தம்பியோடது. போடு.”

தன் பேச்சைப் பெட்டியில் சேர்க்கக் கையெழுத்துப் போடுவதற்காக வைத்திருந்த சம்மதப் பத்திரத்தை மேவிஸ் நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“துளி வந்ததும் சொல்லு, கையெழுத்தும் வரும்.”

ஒன்பதாம் நாள் துளி வந்தது. மறுபடி மைக் முன்னால் உட்கார்ந்தார்கள். கடைசிக் காட்சியில் க்ளாஸ்கோ தொண்டையைக் கனைத்தார். மேவிஸ் விரலை உதட்டில் வைத்தாள். ரைமெர்ட்டைக் கிழிக்க அவள் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை. நாற்பது செகண்ட் இருவரும் சும்மா இருந்தார்கள். க்ளாஸ்கோவின் வாழ்க்கையிலேயே அது பெரிய சாதனை.

பெட்டி விற்பனைக்கு வந்த வாரம் ஷெரில் போன் செய்தாள். வாங்கியவர் ஒருவர் இணையத்தில் குறை எழுதியிருந்தாராம்.

“‘முக்கியமான காட்சியில ரெண்டு கிழங்களும் தூங்கிட்டாங்க, இல்லாட்டி டிஸ்க்ல கோளாறு’ன்னு எழுதி அரை ஸ்டார் குறைச்சிருக்கான் மேடம். பதில் போடட்டுமா?”

“வேண்டாம் கண்ணு” என்றாள் மேவிஸ். “எர்னிக்கு நான் செஞ்ச மௌன அஞ்சலியே அந்த நாப்பது செகண்டுதான். அரை ஸ்டார்தானே, எடுத்துக்கிட்டுப் போகட்டும்.”