எட்டும் நாற்பத்து நாலு

டிரைவர் ஜலீல் திருடவில்லை என்று எனக்குத் தெரிந்தபோது அவன் வாயில் இரண்டு பல் இல்லை.

முதல் குற்றவாளி நான்தான். கப்பலூரில் காளை முதலாளியின் லாரிகள் எங்கே ஓடுகின்றன என்று திரையில் பார்த்துச் சொல்வது என் வேலை. வெள்ளிக்கிழமை மதியம் ஜலீலின் வண்டியிலிருந்து நாலு உருளை செம்புக் கம்பி காணாமல் போனது.

"காளவாசல்ல நிறுத்திட்டு ஜும்மாவுக்குப் போனேன் மொதலாளி. வந்து பாத்தா தார்ப்பாய் கிழிஞ்சு கெடக்கு" என்றான்.

திரையிலோ அந்த நேரம் முழுக்க வண்டி வில்லாபுரத்தில் ஒரு பழைய இரும்புக்கடை வாசலில் நின்றது. "ஜிபிஎஸ் பொய் சொல்லாது" என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். என் நாக்கில் சூடு போட வேண்டும்.

முதலாளியின் மச்சினன் அழகுபாண்டி இரும்புத் தடியை எடுத்தான். முதுகில், தோளில், வாயில் அடி விழுந்தது. லாரி ஷெட் தரையெல்லாம் ரத்தம்.

"சௌரிண்ணே, வெள்ளிக்கெழம ஒரு மணிக்கு என் வண்டி என்னிக்காவது ஓடிருக்கா? நீங்க சொல்லுங்கண்ணே!" என்று ஜலீல் அலறினான்.

எனக்குச் சுரீரென்றது. இரண்டு வருடமாக வெள்ளிதோறும் திரையில் அவன் வண்டியின் புள்ளி பள்ளிவாசல் தெருவில்தான் நிற்கும். ஆபீசுக்குள் ஓடி, வண்டியின் ஜிபிஎஸ் கருவி அனுப்பிய எண்களைத் திறந்தேன். எட்டு செயற்கைக்கோள். உச்சியில் இருப்பதன் சிக்னல் பலமாகவும் அடிவானத்தில் இருப்பது மெலிந்தும் வர வேண்டும். இங்கே எட்டும் நாற்பத்து நாலு. எட்டுப் பேர் எட்டுத் தூரத்திலிருந்து கூப்பிட்டால் சத்தம் ஒன்றாகவா கேட்கும்? ஒரே பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து எட்டாக நடித்திருக்கிறது.

"நிறுத்துங்க! சிக்னல் போலி! வண்டிக்குள்ளயே யாரோ பெட்டி வச்சிருக்காங்க!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தேன்.

அழகுபாண்டி நிறுத்தவில்லை. ஓங்கிய தடியை ஜலீலின் வலது முட்டியில் இறக்கினான். எலும்பு நொறுங்கியது எல்லாருக்கும் கேட்டது. தடியைப் போட்டுவிட்டு லாரிக்கு ஓடினான். சீட்டுக்கு அடியிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை உருவும்போது முதலாளி அவன் தலைமயிரைப் பிடித்தார்.

"உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியேடா!"

கேபின் கதவில் அவன் முகத்தை மோதினார். மூக்கு உடைந்தும் விடவில்லை. யாரும் தடுக்கவில்லை, நானும்தான்.

ஜலீலின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். கண்ணைத் திறந்தான்.

"அதக் கண்டுபிடிக்க எம்புட்டு நேரமாச்சுண்ணே?"

"ரெண்டு நிமிசம்."

அவன் என் மடியிலிருந்து தலையை நகர்த்தி, அந்த ரத்தத் தரையிலேயே வைத்துக்கொண்டான்.