உப்புக்கு என்ன அவசரம்

1986 கோடை. திண்டுக்கல் கல்லூரி ஒன்றின் வேதியியல் கூடத்தில் எம்.ஃபில். மாணவி அல்போன்சா ஒரு கோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சோப்பு மூலக்கூறுகள் தண்ணீரில் முதலில் தனித்தனியாகத்தான் திரியும். அளவு கூடக்கூட, ஒரு கட்டத்தில் ஒன்றுகூடிக் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகிவிடும். அந்தக் கட்டம் எது என்பதுதான் அவளுடைய ஆய்வு.

சோப்பைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்த்து, கரைசலில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அளந்து வரைந்தாள். நேராக ஏறிவந்த கோடு ஓரிடத்தில் மடங்கியது. உருண்டை பிடிக்கும் இடம் அதுதான். ஆனால் நூல்களில் இருந்த அளவுக்கு வெகு முன்னாலேயே மடங்கிவிட்டது. மறுபடி செய்தாள். அதே இடம்.

"புத்தகத்துல உள்ளதையே எழுதிட்டு வாடி, பசிக்குது" என்றாள் பக்கத்து மேசை அஜீஸுன்னிசா.

"செத்த நேரம் இரு. தப்புன்னா ரெண்டு தடவையும் ஒரே இடத்துலயா வரும்?"

சோப்பே போடாத வெறும் தண்ணீரை அளந்தாள். சுத்தமான தண்ணீரில் அசையவே கூடாத முள் விறுவிறுவென்று ஏறியது.

"இது காய்ச்சி வடிச்ச தண்ணியே இல்ல."

"வடிக்கிற மெஷின்தான் நின்னுபோச்சே. கிணத்துத் தண்ணியக் காய்ச்சி ஊத்தி வச்சிருக்காக போல."

"அப்ப உப்பு. உப்பு இருந்தா சோப்பு முந்தியே கூடிருமா?"

அஜீஸுன்னிசா எழுந்தாள். பேட்டரிக் கடைக்குப் போய், பேட்டரியில் ஊற்றும் வடித்த தண்ணீர் வாங்கி வந்தாள். சாப்பாட்டுப் பேச்சை அவளும் எடுக்கவில்லை.

இரண்டு குடுவைகளில் அந்தத் தண்ணீரை ஊற்றி, ஒன்றில் மட்டும் உப்பைக் கரைத்தார்கள். உருண்டை பிடித்ததும் சிவப்பிலிருந்து நீலமாகும் சாயத்தை இரண்டிலும் விட்டார்கள். பிறகு சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தார்கள்.

உப்புக் குடுவை நீலமானது. மற்றது சிவப்பாகவே நின்றது.

அஜீஸுன்னிசா இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "எதுக்குடி இதுக்கு இம்புட்டு அவசரம்?"

"சோப்பு மூலக்கூறு ஒவ்வொண்ணோட தலையிலயும் ஒரே மாதிரி மின்சுமை. ஒண்ணை ஒண்ணு தள்ளும். உப்பு நடுவுல புகுந்து அந்தத் தள்ளுமுள்ள அடக்கிருதுன்னு நெனைக்கிறேன்."

மற்ற குடுவை, இன்னும் நிறையச் சோப்பு போனபின், நூல் சொன்ன அளவை ஒட்டி நீலமானது. அல்போன்சாவுக்குச் சிரிப்பு வந்தது. நூல் சொன்னதும் சரிதான், உப்புத் தண்ணீரில் அவள் வரைந்த கோடும் சரிதான்.

"எங்க வீட்டுக் கிணறு இதைவிடக் கரிக்கும். நாளைக்குக் கொண்டாரவா?" என்றாள் அஜீஸுன்னிசா.

"கொண்டா. செம்பட்டிப் பக்கமிருந்து யாராச்சும் வந்தா அந்த ஊர்க் கிணத்துத் தண்ணியும் கேளு" என்றபடி அல்போன்சா அடுத்த குடுவையைக் கழுவத் தொடங்கினாள்.