நூறு வருஷம் தாங்கும் டிஸ்க்

மனுஷன் ஒரு சட்டை வாங்கக்கூட இவ்வளவு யோசித்ததில்லை. பென்டிரைவை நம்ப முடியாது, ஹார்டு டிஸ்க் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் என்று மாதக்கணக்கில் படித்து, நூறு வருஷம் தாங்கும் என்று விற்ற டிஸ்க்கில் இரண்டு வாங்கினார். ஆறு வயதில் காய்ச்சலில் போன மகளின் வீடியோக்கள் அதில் ஏறின. தன் கம்ப்யூட்டரில் இரண்டையும் போட்டுப் பார்த்தார், மகள் சிரித்தாள். அந்த நிம்மதியில் அதே பழைய கம்ப்யூட்டரை யாரும் மீட்க முடியாதபடி துடைத்து விற்றும்விட்டார்.

இரண்டும் ஒரே வீட்டில் இருந்து தீப்பிடித்தால்? மறுநாளே ஒன்றை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார்.

"பீரோல வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடலாம்ணா," என்றான் தம்பி.

ஒன்றும் திறக்கவில்லை.

"அண்ணா, டெஸ்க்டாப்ல பாப்பா பேர்ல ஒரு ஃபோல்டர் வச்சிருந்தியே, அதையா காப்பி பண்ணின?"

"ஆமா. ஏன்டா?"

"அதுல இருந்தது பூரா ஷார்ட்கட்டு, வீடியோ எங்க இருக்குன்னு காட்டற குறி மட்டுந்தான். உன் கம்ப்யூட்டர்ல போட்டப்போ, வீடியோ அந்தக் கம்ப்யூட்டர்லேருந்துதான் ஓடியிருக்கு. டிஸ்க்ல ஒண்ணுமே இல்லண்ணா."

இதைவிடப் பெரிய பயம் அப்புறம்தான் வந்தது. காலையில் மனைவி தன் போனில் இடமே இல்லை என்றாள். "பாப்பா வீடியோவ எல்லாம் அழிச்சிடு, அதான் டிஸ்க்ல இருக்கே" என்று மேதாவி மாதிரி சொன்னது இவர் வாய்தான்.

போன் அடித்தார். அவள் எடுக்கவில்லை. வண்டியில் வழி முழுக்க அடித்துக்கொண்டே வந்தார்.

கதவைத் திறந்தவள் அவர் முகத்தைப் பார்த்து மிரண்டுபோனாள்.

"அழிச்சிட்டியா?"

"நீங்கதானே சொன்னீங்க. போன்ல இருக்கற குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன்." தயங்கினாள். "ஒண்ணுக்கு மட்டும் கை வரல. திட்டாதீங்க."

எது என்று அவருக்குத் தெரியும். மகளே போனைப் பிடுங்கி எடுத்தது. தரையும் இரண்டு பாதங்களும்தான் தெரியும், "அப்பா, இங்க பாரு" என்று குரல் மட்டும் கேட்கும். ஒன்றுக்கும் உதவாது என்று இவரே ஃபோல்டரில் சேர்க்காமல் விட்டது.

அவள் போனை நீட்டினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீயே வச்சுக்கோ," என்றார். "என் கையில மட்டும் குடுத்துடாத."