சிதம்பரத்துத் தெற்கு

என் தம்பி சிலம்பரசனுக்குக் கல்யாணம் தட்டிப்போவதற்குக் காரணம் அம்மா வீட்டு சோபாதான் என்று நான் கண்டுபிடித்த அன்றைக்கு, சந்தோஷத்தில் எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. சிரிக்காதீர்கள். ஃபெங் சுயி தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். வீட்டின் நடு காலியாக இருக்க வேண்டும், அங்கேதான் நல்ல காற்றும் நல்ல சேதியும் சுற்றி வரும் என்று வீடியோவில் ஒரு அம்மாள் படம் போட்டு விளக்கினார். எங்கள் அம்மா வீட்டில் நடுக்கூடத்தில் யானை படுத்த மாதிரி சோபா கிடக்கிறது. அப்புறம் நல்ல சேதி எப்படி வரும்? வாசலோடு திரும்பித்தான் போகும்.

நான் அருள்மொழி. பிறந்தது திட்டக்குடிப் பக்கம், வாழ்க்கைப்பட்டது சிதம்பரம் மேல வீதி. அப்பாவும் அம்மாவும் தம்பியும் போன தை மாசம்தான் கடலூர் செம்மண்டலத்தில் ஒரு மாடி வீட்டுக்கு வாடகைக்குக் குடிவந்தார்கள். தம்பி ஏசி மெக்கானிக். கடலூரில் அவன் கை படாத ஏசி கிடையாது. தங்கமான பிள்ளை, தண்ணி, சிகரெட் எதுவும் இல்லை. ஒரே ஒரு குறை, பெண் வீட்டுக்காரர்கள் முன்னால் உட்கார வைத்தால் வாயில் கொழுக்கட்டையை வைத்த மாதிரி ஆகிவிடுவான். கேட்டதற்குப் பதில் வராது. மின்விசிறியைப் பார்ப்பான், கால் கட்டைவிரலைப் பார்ப்பான். "மாப்பிள்ளைக்குப் பேச வருமா?" என்று ஒரு வீட்டில் என் காதுபடவே கேட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர்கள் வைத்த மிக்சரைத் தட்டோடு கவிழ்த்திருப்பேன்.

இப்போது வந்திருப்பது சிதம்பரம் கீழ வீதிச் சம்பந்தம். பஞ்சநாதம் மாமாவுக்குப் பாத்திரக் கடை, அவர் மகள் கார்த்யாயினி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். நாங்கள் போய்ப் பெண் பார்த்த அன்றைக்கும் இவன் வழக்கம்போல ஊமை. ஆனால் அந்தப் பெண் ஏனோ வேண்டாம் என்று சொல்லவில்லை. "வீட்டையும் ஒரு தடவ பாத்துட்டுச் சொல்றேம்ப்பா, நானும் வர்றேன்" என்று சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருகிறார்கள்.

அன்றைக்கே தம்பி எனக்கு போன் செய்தான். "அக்கா, இதான் கடைசி. இதுவும் இல்லன்னா மஸ்கட்டுக்குப் போறேன். கூட வேலை பாத்தவன் கூப்புடுறான். இனிமே யார் முன்னாடியும் என்னைக் கொண்டாந்து உக்கார வெக்காதீங்க."

அம்மா அதைக் கேட்டதிலிருந்து தூங்கவில்லை. ஞானாம்பாள் என்று பேர் வைத்தவர்கள் கொஞ்சம் தைரியத்தையும் சேர்த்து வைத்திருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள் பிடித்திருந்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள், அதாவது சாப்பிடுவார்கள். சாப்பிட்டு எழுந்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. பிடிக்கவில்லை என்றால் காபித் தண்ணிகூடத் தொடாமல் எழுந்து, கும்பிட்டு, "போன் பண்றோம்" என்பார்கள். அந்த போன் எந்தக் காலத்திலும் வராது.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் நானும் என் வீட்டுக்காரர் சபேஷும் கடலூர் வந்து இறங்கினோம். என் கையில் ஒரு பை, அவர் கையில் இரண்டு. ஜோடி வாத்து பொம்மை, காற்றில் கிணுகிணுக்கும் மணிக்கொத்து, சிவப்புத் திரைச்சீலை, குண்டு வயிற்றுச் சிரிக்கும் புத்தர். புத்தரை நம் காசில் நாமே வாங்கக் கூடாது, யாராவது பரிசாகக் கொடுக்க வேண்டும் என்பார்கள். அதனால் சபேஷை வாங்கச் சொல்லி அப்பாவிடம் கொடுக்க வைத்தேன்.

"என்னாடி இது, கடையையே பேத்து எடுத்தாந்துட்டியா?" என்றார் அப்பா, புத்தரைக் கையில் வைத்துக்கொண்டு. அவர் பேர் கொளஞ்சியப்பன். கிண்டல் செய்யாமல் அவருக்கு ஒரு நாள் போகாது.

"நீங்க பேசாம இருங்கப்பா. வீடு பூரா சமநிலை இல்லாம கெடக்குது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பையனுக்கு வாய் தொறக்கல, அதுக்கு வூடு என்னாடி பண்ணும்?"

நான் காதில் வாங்கவில்லை. சபேஷும் தம்பியும் சோபாவைத் தூக்கிச் சுவரோரம் போட்டார்கள். வாசலுக்கு எதிரே இருந்த கண்ணாடியைக் கழற்றினேன். உள்ளே வரும் அதிர்ஷ்டம் அதில் பட்டு வெளியே ஓடிவிடும். கட்டிலுக்கு அடியில் அம்மா சேர்த்து வைத்திருந்த காலி டப்பாக்களை மூட்டை கட்டி மொட்டை மாடிக்கு அனுப்பினேன். அம்மா ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு பெருமூச்சு விட்டாள்.

அடுத்ததுதான் முக்கியம். கல்யாணத்துக்கு உரிய மூலை தென்மேற்கு. அங்கே எல்லாம் ஜோடி ஜோடியாக இருக்க வேண்டும். தென்மேற்கு எது? போனில் திசைகாட்டியைத் திறந்தால், அது பம்பரமாய்ச் சுற்றியது. போன் உறையில் காந்தம் இருப்பதால் அப்படித்தான் சுற்றும் என்றார் சபேஷ். சுற்றிலும் மாடி வீடுகள், காலைச் சூரியனும் கண்ணில் படவில்லை. ஆனால் சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்குத் திசை காட்ட போன் எதற்கு? கூடத்துச் சுவரில் நடராஜர் படம் இருந்தது. மற்ற கோயில் சாமி எங்கேயும் பார்க்கட்டும், எங்கள் நடராஜர் பார்ப்பது தெற்கு. எங்கள் வீதியில் ஒரு வீடு விடாமல் படத்தையும் அப்படித்தான் மாட்டுவோம். உப்பு ஜாடி எங்கே என்று கேட்டால்கூட "தெக்கால தட்டுல" என்று சொல்கிற ஊர் அது.

நான் படத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். எதிரே தெற்கு. வலது கைப் பக்கம் மேற்கு. இரண்டுக்கும் நடுவில் இருந்தது அடுப்படி.

"ஐயய்யோ, அடுப்படியப் போயி தென்மேக்குல வெச்சிருக்கான்!"

"அடுப்படிய அக்கினி மூலையிலதான கட்டுவான்?" என்றார் அப்பா.

"வாடகைக்குக் கட்டுறவன் மூலையப் பாத்தா கட்டுறான்? சும்மா இருங்கப்பா!"

அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலியை ஒட்டிப் போட்டேன். மேடை மேல் ஜோடி வாத்தை வைத்தேன். படத்துக்குப் பக்கத்து ஜன்னலில் சிவப்புத் திரையைத் தொங்கவிட்டேன். கடைசியாகத் தம்பியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"நான் கூப்புடுற வரைக்கும் இங்கேர்ந்து எழுந்திரிக்கக் கூடாது. இது ஒன்னோட மூலை. சக்தி ஏறணும்."

"அக்கா, அவுங்க வரும்போது நான் வாசல்ல நிக்க வேணாமா?"

"வேணாம். நின்னாலும் நீ என்னா பேசிடப் போற?"

அவன் முகம் சுண்டிப்போனது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

சாயங்காலம் கார் வந்து நின்றபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மா வடைக்கு எண்ணெய் காய வைத்திருந்தாள். கரண்டியைத் தம்பி கையில் திணித்து, "பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

பஞ்சநாதம் மாமா நடராஜரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சுவரோரச் சோபாவில் உட்கார்ந்தார். பக்கத்தில் அவர் மனைவி சிவகாமியம்மாள். கார்த்யாயினி மட்டும் உட்காராமல் காலியாகக் கிடந்த நடுக்கூடத்தில் நின்று சுற்றிப் பார்த்தாள்.

"கூடம் நல்லா தாராளமா இருக்குதே" என்றாள்.

நான் சபேஷைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் ஒரு வருஷத்துக் கணக்கு தீர்ந்தது.

"காபி கொண்டாரட்டுங்களா?" என்றாள் அம்மா.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் பஞ்சநாதம் மாமா. "மாப்ள எங்க?"

"உள்ளதான் இருக்கான். இப்ப வந்துடுவான்" என்றேன். சக்தி ஏறிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல முடியுமா?

"எனக்குக் கொஞ்சம் தண்ணி வேணும். நானே எடுத்துக்கறேன் அத்த" என்று சொல்லிக்கொண்டே கார்த்யாயினி அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜோடி நாற்காலி, ஜோடி வாத்து, இப்போது ஜோடியே போய்ச் சேர்ந்துவிட்டது!

சிவகாமியம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டார். "ரொம்பப் புழுக்கமா இருக்குது" என்றார். அப்பா எழுந்து போய் நடராஜருக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புத் திரையை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். மாலை வெயில் சர்ரென்று உள்ளே பாய்ந்தது.

"யப்பா, மேக்கு வெயில் என்னா போடு போடுது" என்று பஞ்சநாதம் மாமா கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டார்.

மேற்கா? நடராஜர் முதுகுப் பக்கம் மேற்கா? அப்படியானால் அவர் பார்ப்பது கிழக்கு!

"அப்பா, படத்த ஏன் அங்க மாட்டுனீங்க?" என்று குரலை அடக்கிக் கேட்டேன்.

"ஆணி அங்கதான் இருந்துச்சு. புதுசா அடிக்கக் கூடாதுன்னு வூட்டுக்காரன் சொல்லிட்டான்."

அடப்பாவி மனுஷா! தெற்கு கிழக்காகிவிட்டது, என் தென்மேற்கு தென்கிழக்காகிவிட்டது. நிஜமாகவே அக்கினி மூலை. நெருப்பில் கொண்டு போய் இரண்டு பேரையும் உட்கார வைத்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்து பேசினால் பேச்சு சண்டையில்தானே முடியும்? ஏதாவது சாக்குச் சொல்லித் தம்பியை வெளியே இழுத்துவிட வேண்டும் என்று அடுப்படிக்கு விரைந்தேன். வாசற்படியில் அம்மா என் இடுப்பைப் பிடித்துக் கிள்ளினாள்.

"வாய மூடிக்கிட்டு நில்லு."

உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. என் தம்பியின் குரல்!

"ஒரே நேரத்துல நெறைய போட்டா எண்ணெயில சூடு எறங்கிடும். வடை எண்ணெயக் குடிச்சிடும். ஏசியும் அப்படித்தாங்க, சின்ன மெஷினை வெச்சிக்கிட்டு பெரிய ஹாலை குளிர வெக்கச் சொல்லுவாங்க."

"இவ்ளோ பேசுறீங்களே, அன்னைக்கு எங்க வூட்டுல ஏன் பேசல?"

அவன் அடுத்த வடையை எண்ணெயில் போடும் சத்தம் கேட்டது.

"அன்னைக்குக் கை சும்மா இருந்துச்சுங்க. கை சும்மா இருந்தா எனக்கு வாய் வராது. பயமா இருக்கும்."

"அப்ப இனிமே கரண்டியக் குடுத்துட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கணும்" என்றாள் அவள். அவன் சிரித்தான். பெண் வீட்டார் இருக்கும் இடத்தில் என் தம்பி சிரித்து நான் கேட்டதே இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அக்கினி மூலையாவது, வாயு மூலையாவது! இந்த நாற்காலியை எவனாவது நகர்த்தட்டும், கையை ஒடிக்கிறேன்.

அந்த நேரம் பார்த்துக் கூடத்தில் பஞ்சநாதம் மாமாவின் குரல் கேட்டது. முன்னைப் போல இல்லை, இறுகியிருந்தது.

"வந்து இவ்ளோ நேரம் ஆச்சு. மாப்ள வந்து வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. அவருக்கு இஷ்டம் இல்லாத மாதிரி தெரியுது. பரவால்ல. கெளம்பு சிவகாமி." அவர் எழுந்து கையைக் கூப்பிவிட்டார். "நாங்க போன் பண்றோம்."

அப்பாவின் வாயில் கிண்டல் எதுவும் வரவில்லை. சபேஷ் என்னைப் பார்த்தார். தப்பு என்னுடையது. எழுந்திருக்கக் கூடாது என்று அவனைக் கட்டிப்போட்டவள் நான். அதைச் சொல்ல வாயைத் திறந்தால் தொண்டையில் சத்தம் வரவில்லை. அவன் வாயை எத்தனை பேச்சுப் பேசியிருப்பேன்!

"அப்பா, இருங்க."

அடுப்படி வாசலில் கார்த்யாயினி நின்றாள். வலது கை விரலெல்லாம் எண்ணெய், சட்னி. ஒரு கன்னம் உப்பியிருந்தது. மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

"நான் கை நனைச்சிட்டேம்ப்பா."

சிவகாமியம்மாள் சோபாவிலிருந்து விருட்டென்று எழுந்தார்.

"என்னாடி பண்ணி வெச்சிருக்க? பெரியவங்க நாங்க இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணலியே!" என்றார் சிவகாமியம்மாள்.

"தெரிஞ்சிதாம்மா சாப்புட்டேன்."

பஞ்சநாதம் மாமா மகளையே பார்த்தார். கூப்பிய கை மெல்லப் பிரிந்தது. அவளுக்குப் பின்னால் என் தம்பி, மூக்கில் மாவும் கையில் கரண்டியுமாக வந்து நின்றான். நான் அவனுக்காகச் சாமியை வேண்டிக்கொண்டேன், சாமி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி என்று. அவன் கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"வாங்க மாமா" என்றான். "வாங்க அத்த. முன்னாடியே வந்து கூப்புட்டிருக்கணும். மன்னிச்சிக்குங்க. சாப்புடாம போவக் கூடாது."

பஞ்சநாதம் மாமா அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சோபாவில் போட்டார்.

"கை கழுவ எந்தப் பக்கம் போவணும் மாப்ள?"

அம்மா ஓவென்று அழுதுவிட்டாள். வீட்டில் ஒரு வாழை இலை இல்லை. சாப்பிடுவார்கள் என்று நம்பி வாங்கி வைக்க எங்கள் யாருக்கும் தைரியம் வந்திருக்கவில்லை. அப்பா செருப்புகூடப் போடாமல் இலை வாங்கப் படியிறங்கி ஓடினார். நான் மூக்கைச் சிந்திவிட்டு, அடுப்படிக்குள் போய் அடுத்த ஈடு வடையைப் போட்டேன்.