உடைத்த பில்

கடையின் பின்னறையில் அன்று நான்கு பேர் இருந்தார்கள். மேலாளரின் சுழல் நாற்காலியில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த தணிக்கை அம்மாள். எதிரே, வருகிறவர்களுக்கென்று போட்ட ஒரே நல்ல நாற்காலியில், மடியில் துணிப்பையும் முகத்தில் பரிசு வாங்க வந்த பூரிப்புமாக, பத்திரிகைக் கூப்பன்களை வெட்டி வெட்டியே அந்தப் பெயர் வாங்கிய கத்தரிக்கோல் அக்கா. நாற்காலியைப் பறிகொடுத்த மேலாளர், சோப்புத்தூள் அட்டைப்பெட்டியின் மேல் பாதி உட்கார்ந்தும் பாதி உட்காராமலும். கதவோரத்தில், உட்காரச் சொல்ல ஆளில்லாமல் நின்றபடி, மூன்றாம் கல்லாப் பெண்.

கடை திறக்கும் முன்பே மேலாளர் அவளைக் கிடங்குப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் காதைக் கடித்திருந்தார்.

"சாவியை என் மேசை டிராயர்லேர்ந்து நீயே எடுத்துப் போட்டேன்னு சொல்லிடும்மா. வேலையை விட்டுத் தூக்குவாங்கதான், இல்லேங்கலை. ரெண்டு மாசம் பொறு. வேற கிளையில நானே உன்னைச் சேர்த்து விடறேன். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

அவள் பதிலே சொல்லவில்லை. அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

சங்கதி இதுதான். அந்தக் கடையில் கூப்பனும் உண்டு, கார்டில் சேரும் புள்ளிகளும் உண்டு. இரண்டும் ஒரே வீட்டுச் சக்களத்திகள் மாதிரி. ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்று இருக்காது. புள்ளியை முதலில் கழித்தால் பில் தொகை குறைந்து, 'கூப்பனுக்குத் தகுதி இல்லை' என்று இயந்திரம் துப்பும். கூப்பனை முதலில் போட்டால், 'ஏற்கெனவே சலுகை பெற்ற பில்' என்று புள்ளியைத் துப்பும். வரிசையில் நிற்பவர்கள் உச்சுக்கொட்ட, பால் பாக்கெட்டோடு வந்தவர் தலையில் அடித்துக்கொள்ள, கல்லாவில் இருப்பவள்தான் இரண்டு பக்கமும் அடி வாங்கவேண்டும்.

அதற்குக் கடைக்காரர்களே கண்டுபிடித்த வழி, பில்லை உடைப்பது. சாமான்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பில்லில் கூப்பன், மறு பில்லில் புள்ளி. ஆனால் ஒரே கார்டுக்கு ஒரே நாளில் இரண்டாவது பில் போட, மேலாளர் வந்து தன் சாவியைக் கல்லாவில் திருகவேண்டும். திருகிக்கொண்டுதான் இருந்தார். வரிசை கலைந்தால் போதும் அவருக்கு.

தணிக்கை அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கையிலிருந்த காகிதத்தைப் படித்தார்.

"'மூன்றாம் கல்லாவில் இருக்கும் பெண் தங்கமான பெண். மற்ற கல்லாக்களில் நூறு தடவை கெஞ்சவேண்டும். இவளோ சிரித்த முகத்தோடு பில்லை இரண்டாக உடைத்து, கூப்பனுக்கும் கழிவு, புள்ளிக்கும் கழிவு வாங்கித் தருகிறாள். இவளுக்குச் சம்பளம் உயர்த்தினால் கடைக்குத்தான் பெருமை.' இது நீங்க எழுதினதா?"

"நானேதான்!" கத்தரிக்கோல் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ரெண்டு பிரதி எழுதினேன் மேடம். ஒண்ணு அடித்தல் திருத்தல் ஆயிடுச்சு. சம்பளம் எவ்வளவு ஏத்தப் போறீங்க?"

மூன்றாம் கல்லாப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். பாராட்டுக் கடிதம் எழுதியே ஒருத்தியைக் குழியில் தள்ள இந்த அக்காவால்தான் முடியும்.

"இவங்க உங்களுக்கு மட்டும்தான் இப்படிப் பண்ணுவாங்களா?"

"சேச்சே, அப்படி ஓரவஞ்சனை பண்ற பொண்ணு இல்ல இது. யாரு கேட்டாலும் பண்ணும்."

"அக்கா," என்றாள் கல்லாப் பெண், பல்லைக் கடித்தபடி.

"நீ சும்மா இரும்மா. உன் நல்ல குணத்தை நீயே சொல்லிக்க மாட்டே, நான் சொல்றேன். போன வாரம் கூட ஒரு தாத்தாவுக்கு மூணா உடைச்சுக் குடுத்துது மேடம்!"

மேலாளர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தணிக்கை அம்மாள் எழுதிக்கொண்டே கேட்டார், "ரெண்டாவது பில்லுக்குச் சாவி வேணுமே. சாவி யாரு கையில இருக்கும்?"

"என் டிராயர்லதான் மேடம் இருக்கும்," என்று மேலாளர் முந்திக்கொண்டார். "பூட்டற வழக்கம் இல்லை. அது என் தப்பு, ஒத்துக்கறேன். நம்பி விட்டுட்டேன்."

தணிக்கை அம்மாள் பேனாவை வைத்தார். "இதோ பாரும்மா. மேலாளர் அனுமதியோட உடைச்சிருந்தா ரெண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம், அதோட முடிஞ்சுது. அனுமதி இல்லாம சாவியை எடுத்திருந்தா அது திருட்டுக் கணக்கு. இன்னிக்கே வேலை போகும். அப்புறம் எந்தக் கடையிலயும் கல்லாவுல உட்கார விடமாட்டாங்க. நீ சொல்லு."

போன மாதம்தான் அவள் அம்மாவைத் தன்னோடு கூட்டி வந்திருந்தாள். மாடியறைக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. மேலாளரின் கண் அவள் மேலேயே இருந்தது. அதில் கெஞ்சலும் இருந்தது, மிரட்டலும் இருந்தது. எது கூட என்று அவளால் சொல்ல முடியவில்லை. இவர் சேர்த்துவிடும் கிளை எந்த ஊரில் இருக்கிறதோ? திருடி என்று பெயர் வாங்கியவளை எவன் சேர்த்துக்கொள்வான்?

அப்போது வெளியே கல்லாப் பக்கமிருந்து மணி அடித்தது. டிங், டிங்.

மேலாளரின் வலது கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. பாதி வழியில் நின்றது. மெல்லக் கீழே இறங்கித் தொடையைச் சொறிந்தது.

"என்னன்னு போய்ப் பாருங்க சார்," என்றார் தணிக்கை அம்மாள்.

"பரவாயில்லை மேடம். சில்லறை கேட்கறாங்க. வேற ஆள் பார்த்துப்பாங்க."

மறுபடியும் டிங், டிங். யாரோ வரிசையில் குரல் உயர்த்தினார்கள்.

"சில்லறைக்கு ஒரு மணிதானே சார்?" என்றாள் கத்தரிக்கோல் அக்கா, உதவி செய்கிற குரலில். "ரெண்டு அடிச்சா பில்லு உடைக்கணும்னுல்ல? நீங்க எழுந்து போகலைன்னா அந்த வரிசை ஜன்மத்துக்கும் நகராது. நான் எத்தனை தடவை காலு கடுக்க நின்னிருக்கேன்!"

"இல்ல மேடம், அவங்களுக்கு என்ன தெரியும்..." மேலாளர் எழுந்துவிட்டார். "வெளி ஆளு. ஏதோ நினைச்சுக்கிட்டுப் பேசறாங்க."

தணிக்கை அம்மாள் அவர் பக்கம் திரும்பவேயில்லை. "ரெண்டு மணிக்கு என்னம்மா அர்த்தம்?"

கல்லாப் பெண் கதவோரத்திலிருந்து ஓரடி முன்னால் வந்தாள்.

"சார் சாவியோட வரணும்னு அர்த்தம் மேடம். டிராயர்ல சாவி எப்பவுமே இருந்ததில்லை. அவர் சட்டைப்பையிலதான் இருக்கும். இப்பவும் இருக்கு."

மேலாளர் அட்டைப்பெட்டியில் தொப்பென்று உட்கார்ந்தார். பெட்டி ஒரு பக்கம் அமுங்கிற்று. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"வரிசை வாசல் வரைக்கும் போகும் மேடம்," என்றார், யாரையும் பார்க்காமல். "ஜனங்க வாய்க்கு வந்தபடி திட்டும். நான் என்ன பண்ண?"

"அதையும் எழுதுங்க," என்ற தணிக்கை அம்மாள், ஒரு தாளைக் கல்லாப் பெண்ணிடம் நீட்டினார். "முதல்ல நீ நடந்ததை எழுதும்மா."

அவள் நின்ற வாக்கிலேயே, அலமாரி விளிம்பில் தாளை வைத்து எழுதினாள்: 'வாடிக்கையாளர் கேட்டபோது நான் மணி அடித்தேன். மேலாளர் வந்து சாவி திருகினார். அதன் பிறகே பில்லை உடைத்தேன்.' மேலாளர் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"இந்த நடு வரி இப்படியே இருக்கணுமா?"

"இருக்கட்டும் சார்," என்றாள் அவள்.

அவர் அதன் கீழே, 'உண்மை. அனுமதி என்னுடையது,' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கொஞ்சம் கோணிப் போயிருந்தது.

"சம்பள உயர்வு?" என்று கத்தரிக்கோல் அக்கா கேட்டாள். தணிக்கை அம்மாள் உறை தேடுவதைப் பார்த்து, துணிப்பையிலிருந்து ஒரு கூப்பனை எடுத்தாள். "சரி, அதை விடுங்க. இது இன்னிக்கோட முடியுது. என் புள்ளியும் சேர்த்து..."

"ஒரு பில்லுக்கு ஒண்ணுதாங்க," என்றார் தணிக்கை அம்மாள்.

"கஷ்டப்பட்டு ஒரு பொண்ணைப் பாராட்டினா இதான் கிடைக்கும்!" அக்கா முணுமுணுத்துக்கொண்டே எழுந்து, போகிற போக்கில் கல்லாப் பெண்ணின் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள். விஷயம் அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று கடைசி வரை தெரியவில்லை.

தணிக்கை அம்மாள் தாளை மடித்து உறையில் போட்டார். பசை டப்பா மேலாளர் பக்கம் இருந்தது. அவர் தாமே எடுத்துத் தடவி, ஓரம் பிரியாமல் கட்டைவிரலால் இழுத்து ஒட்டினார். வாசலில் காத்திருந்த கூரியர்காரர் தலைமை அலுவலகத்தின் முகவரியைப் படித்துப் பார்த்து, உறையைத் தோள்பையில் போட்டுக்கொண்டு வண்டியை உதைத்தார்.