மாப்பிள்ளை கூவிய நேரம்

கோழி வளர்க்கிற மனுசனைக் கட்டினவளுக்குத்தான் வீட்டில் வாஸ்லின் ஏன் நாலே நாளில் முடிகிறது என்று தெரியும். லண்டன் செவன் கிங்ஸில் இருக்கும் அஜந்தாவின் குதிகால் வெடித்துக் கிடக்கும். பின்வளவில் கோழிகளின் கொண்டைகள் மட்டும் பளபளவென்று இருக்கும். பூசாவிட்டால் குளிரில் கொண்டை கறுத்துப் புண்ணாகிவிடுமாம்.

அந்த வாஸ்லினே தேவைப்படாத ஓர் இனத்தை உருவாக்குவதுதான் அவள் புருசன் பாலேந்திராவின் நாலு வருடத் தவம். கொண்டை சின்னதாக இருக்க வேண்டும், மார்கழியிலும் முட்டை இட வேண்டும். முட்டைக்கு ஒரு சாம்பல் நிறப் பேட்டுக்கோழி அகப்பட்டுவிட்டது. கொண்டைக்கு இந்த வருடம்தான் ஒரு சேவல் தேறியது. தலையில் பட்டாணி அளவுக்கு ஏதோ ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தார். பெற்றோல் ஸ்டேசன் வேலை போனதிலிருந்து ஊமையாய்த் திரிந்த மனுசன் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

மாப்பிள்ளைக்கும் வாய் கொஞ்சம் பெரிது. விடியும்போது இருட்டுப் பெட்டிக்குள் மூடி வைத்திருப்பதால் அயலுக்குத் தொல்லையில்லை. ஒன்பது மணிக்குத் திறந்துவிடுவார். ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் முடித்து வந்த அஜந்தா கட்டிலில் சாய்வதும் அப்போதுதான். பதினொன்றுக்கு ஒரு கூவல், இரண்டுக்கு ஒரு கூவல். நித்திரையில்லாமல், ஓர் இரவு ஒருவரின் மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்கப் பார்த்தாள். அவரிடம் சொன்னால் மறுபேச்சில்லாமல் சேவலைக் கொடுத்துவிடுவார். அந்தச் சிரிப்பைப் பறித்தவள் தானாக இருக்க அவளுக்கு மனம் வரவில்லை. பழி நகரக் கவுன்சிலோடு போகட்டும் என்று பெயர் சொல்லாமல் போன் அடித்து, சொந்த வீட்டின் மேலேயே முறைப்பாடு செய்தாள். தூங்காத மண்டைக்கு அது பெரிய கெட்டித்தனமாகப் பட்டது.

மூன்று கிழமைக்குள் சேவலை அகற்ற வேண்டும் என்று கடிதம் வந்தது. பக்கத்து வீட்டுக் கஸ்பரோடு சண்டைக்குப் போய்விடுவாரோ என்று அவள் பயந்தாள். அவரோ வழக்கம்போல ஆறு முட்டையை அவனுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த நாளிலிருந்து பகலில் ஒரு சத்தமில்லை. இருட்டில் போட்டு மூடியிருப்பார் என்று நினைத்தாள். நித்திரை வந்தது, நெஞ்சுதான் குறுகுறுத்தது.

ஆறாம் நாள், பல்லுக் கிடுகிடுக்கிற மாசிக் குளிரில், மத்தியானம் தண்ணீர் குடிக்க எழும்பினாள். வாசலில் காரைக் காணவில்லை. போன் அடித்தாள்.

“எங்கை நிக்கிறியள்?”

“சும்மா, கடைப் பக்கம்...”

அவர் சொல்லி முடிக்க முதல் போனுக்குள் மாப்பிள்ளை கூவியது.

“இஞ்சேருங்கோ, அது என்ன சத்தம்?”

“பார்க்குக்குப் பக்கத்திலை, காருக்குள்ளை இருக்கிறம். நீர் படுக்கவேணுமெல்லே. சாம்பல் பேட்டிட்டை இன்னும் மூண்டு முட்டை கிடைச்சால் அடைக்கு வைச்சிடலாம். பிறகு இவனைக் கெண்டிலை இருக்கிற என்ரை சிநேகிதன் சுஜீத்தின்ரை தோட்டத்துக்குக் குடுத்துவிடுறன்.”

“ஒவ்வொரு நாளுமோ?”

“ஓம். ஒன்பதிலையிருந்து மூண்டு மட்டும்.”

பெற்றோல் வீண் என்று ஹீட்டர்கூடப் போட்டிருக்க மாட்டார். அஜந்தா சொல்லிவிட்டாள்.

“அந்தக் கடிதம்... நான்தான்...”

“தெரியும். பகல் பதினொண்டுக்கும் ரெண்டுக்கும் கூவுதெண்டு எழுதியிருந்தது. எங்கடை தெருவிலை அந்த நேரம் படுக்கிறது ஆர்?”

“தெரிஞ்சும் ஏன் ஒண்டும் கேக்கேல்லை?”

“என்னட்டைச் சொல்ல உமக்கு ஏலாமல் போச்சே எண்டுதான் யோசிச்சுக்கொண்டிருந்தன்.”

அவள் அழுதுவிட்டாள். “வாங்கோ வீட்டை. ரெண்டு பேரும் வாங்கோ.”

வந்தவரின் உதடு குளிரில் வெடித்திருந்தது. வாஸ்லினை எடுத்து அவளே பூசிவிட்டாள். மாப்பிள்ளைக்கு அது தேவைப்படவில்லை.

அடைக்கு ஒற்றைப்படையாகத்தான் வைக்க வேண்டும் என்று, கிழட்டு அடைக்கோழியின் கீழ் ஒன்பது முட்டை வைத்தார்கள். மாப்பிள்ளை கெண்டுக்குப் போனது. இருபத்தோராம் நாள் ஏழு குஞ்சுகள் பொரித்தன. ஒவ்வொன்றின் தலையையும் விரலால் தடவிப் பார்த்த பாலேந்திரா, மெல்ல நிமிர்ந்தார்.

“இதுக்குள்ளை சேவல் இருந்தால் என்ன செய்யிறது?”

“முதல்லை உங்களிட்டைச் சொல்லுவன். பிறகுதான் கவுன்சிலுக்கு அடிப்பன்.”

அவர் சிரித்த சிரிப்பில் கஸ்பர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.