அசல் குடில், நகல் குடில், என் மச்சான்

1

இந்தக் கதையை என் மச்சானைப் பழிவாங்கத்தான் எழுத ஆரம்பித்தேன். உயர்ந்த நோக்கம் ஏதாவது இருக்கும் என்று நம்பி வந்தவர்கள் மன்னிக்கவும்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பழைய பொம்மை ரயிலோடு வரும் துணைச் சாமான்களை, அதாவது சிக்னல் கம்பம், தகர ஸ்டேஷன், தண்ணீர்த் தொட்டி வகையறாக்களைப் பார்த்து, இது அந்தக் காலத்து அசல், இது பின்னால் வந்த நகல் என்று தீர்ப்புச் சொல்வது அவர் பொழுதுபோக்கு. கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கும். அதனால் பெயரே 'லென்ஸ்'. என் கடைசி நாவலைப் புரட்டிவிட்டு, "எங்கயோ படிச்ச மாதிரியே இருக்கே மாப்ளே" என்றவர் அவர்தான்.

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்:

'மனிதர்களில் யார் அசல், யார் நகல் என்கிற ஆதிக் கேள்வி...' (எழுதும்போதே கொட்டாவி வந்தது.)

'மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்...' (பெய்யவில்லை. மாலையும் இல்லை.)

'அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு தகரக் குடிலோடு வந்தார்கள்.' (இது நடந்தது. மச்சானும் என் மனைவியும் இல்லை, வேறு அண்ணன் தங்கை. இருக்கட்டும்.)

2

அது ரயில்வே கேட் காவலாளியின் குடில். உள்ளங்கை அகலம். பொம்மை ரயில் கடக்கும்போது கதவு திறந்து, கையில் விளக்கோடு ஒரு தகர மனிதன் வெளியே வருவான்.

தங்கை பல்செட் செய்பவள். என் மாமியார் சிரிப்பது அவள் புண்ணியத்தில்தான். அண்ணன் சர்வேயர். இருவருக்கும் ஐம்பதை நெருங்கும் வயது. அவர்களுடைய அப்பா கடிகாரம் ரிப்பேர் செய்தவர். சின்ன வயதில் ஆளுக்கொரு குடில் கொடுத்திருக்கிறார். ஒன்று கடையில் வாங்கியது, மற்றது அதைப் பார்த்து அவரே செய்தது. "உன்னோடதுதான் கடையில வாங்கினது, வெளிய சொல்லாதே" என்று இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவைத்திருக்கிறார்.

நாற்பது வருடம் இருவருமே வாயைத் திறக்கவில்லை. அப்பா போன பிறகு, சாமான்களைப் பிரிக்கும்போது குட்டு உடைந்தது. யாரிடம் பொய் சொன்னார் என்று சண்டை. நான்கு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மச்சான் பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்.

3

ஞாயிற்றுக்கிழமைகளில் சேகரிப்பாளர்கள் கூடும் வாடகை மண்டபம். மச்சான் பூதக்கண்ணாடியைத் துடைத்த துடைப்பில் அறுவை சிகிச்சையே தொடங்கப்போகிறது என்று நினைத்தேன்.

"ஸ்க்ரூவைப் பாருங்க. அந்தக் காலத்துல தலையில ஒரே ஒரு கோடுதான். உங்க தங்கச்சியோடதுல கூட்டல் குறி. ஒயர்? அப்பல்லாம் துணி சுத்தின ஒயர். இதுல பிளாஸ்டிக். அண்ணனோடது அசல். தங்கச்சியோடது நகல். அவ்வளவுதான்."

"திறந்து உள்ள பாக்கலாமே?" என்றாள் தங்கை.

"திறந்தா மதிப்பு போயிடும்மா."

(இங்கே மச்சானை ரொம்ப மட்டம் தட்டுகிறேனோ என்று சந்தேகம் வந்தது. விசாரித்தேன். அவர் சொன்ன விதிகள் எல்லாமே சரி. அதுதான் எரிச்சல்.)

"ஒரு நிமிஷம் குடுண்ணா" என்று அண்ணனின் குடிலை வாங்கிக் கதவைத் தடவிப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து, வாய்க்குள் விட்டுப் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்து, ஜன்னல் வழியே உள்ளே விட்டாள். பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

அண்ணன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "அப்பா என்கிட்ட பொய் சொல்லல பாப்பா" என்றார். அத்தனை பேர் நடுவில் அழுதார். மச்சான் 'அசல்' என்று சான்றிதழ் எழுதி, லேமினேஷன் செய்து நீட்டினார்.

4

படிக்கட்டில் அவளைப் பிடித்தேன். "உள்ள என்ன இருந்துச்சு?"

"அலாரம் கடிகாரத்து ஸ்பிரிங் சார். அப்பா பத்தவச்ச ஈயம். கதவைப் பாத்தப்பவே சந்தேகம்தான். கை படாத ஓரத்துல பெயின்ட் தேஞ்சிருக்கு. புதுப் பல்லைப் பழசா காட்ட நாங்களும் அப்படித்தான் ராவுவோம். பழைய ஸ்க்ரூவும் துணி ஒயரும் அப்பா டப்பாவுல நிறைய கிடக்கும்."

"அப்போ உங்களோடது?"

"கடையில வாங்கினது. ரெண்டு தடவை உடைச்சேன். அப்புறம் வந்த ஸ்க்ரூவைப் போட்டு, ஒயரை மாத்திக் குடுத்தாரு."

"வாங்க, மேல போய்ச் சொல்லிடலாம்." எனக்குள் நியாய உணர்ச்சி பொங்கியது. (பொய். மச்சான் மூஞ்சி தொங்குவதைப் பார்க்கும் ஆசை பொங்கியது.)

"அண்ணன் அழுததைப் பாத்தீங்கல்ல? நாலு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் என்னைப் பாப்பான்னு கூப்பிட்டிருக்கு. சும்மா இருங்க சார்."

5

அடுத்த வாரம் மாமியாரின் பல்செட்டை வாங்க அவள் பட்டறைக்குப் போயிருந்தேன். மேசையெல்லாம் அச்சு எடுக்கும் மாவு, ரோஸ் மெழுகு. அப்போது அண்ணன் வந்தார். கையில் துணிப்பை. பைக்குள் குடில், சான்றிதழோடு.

"பாப்பா, அப்பாவைக் கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டது நீதான். அசல் உங்கிட்ட இருக்கறதுதான் முறை. இதை வச்சுக்கோ, உன்னோடதை எனக்குக் குடு. அசலைக் குடுக்கப்போறேன்னு சொன்னதுலேர்ந்து உங்க அண்ணி மூணு நாளா முகம் கொடுத்துப் பேசல. பரவால்ல."

அவள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன், கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு.

எழுதிக் கிழித்த முடிவுகள் இவை. ஒன்றில், அவள் உண்மையை உடைக்கிறாள், மச்சான் மண்டபத்தில் நாறுகிறார். (நாலு பக்கம். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் எழுதியதில்லை.) இன்னொன்றில், "உன்கிட்டயே இருக்கட்டும்ணா" என்கிறாள், அவர் வாடிப்போய்த் திரும்புகிறார், மறுபடியும்...

நடந்தது வேறு. "சரிண்ணா, குடு" என்றாள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, அலமாரியிலிருந்த தன் குடிலை எடுத்துக் கொடுத்தாள். அவர் கிட்னி தானம் செய்தவர் போல நிமிர்ந்து நடந்து போனார்.

"இப்படிக் கோட்டை விட்டுட்டீங்களே!" என்றேன்.

அவள் சான்றிதழைக் குப்பையில் போட்டாள். குடிலின் கதவை விரலால் திறந்தாள். விளக்கோடு வந்த தகர மனிதனுக்கு ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. தூரிகை வழுக்கியிருக்கிறது.

"கடையில வாங்கினதைத்தான் நாப்பது வருஷம் வச்சிருந்தாச்சே சார்."

6

மச்சானிடம் நான் சொல்லவில்லை. பெருந்தன்மை இல்லை, சொன்னாலும் நம்பமாட்டார்.

அண்ணன்தான் பாக்கி. விட்டுக்கொடுத்ததாக நினைக்கும் அசல் தன் வீட்டில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால் சிரிப்பாரா, தங்கை ஏமாற்றிவிட்டாள் என்பாரா, அப்பா தன் கையால் செய்ததைக் கை நழுவ விட்டோமே என்று இன்னொரு தடவை அழுவாரா? மூன்றையும் எழுதிப் பார்த்தேன். எதற்கும் பேனா ஒத்துழைக்கவில்லை.

அவர் இன்னும் ஊர் ஊராக நிலம் அளந்துகொண்டிருக்கிறார். உங்கள் மனையை அளக்க வந்தால், சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உங்கள் பாடு.